ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை

தங்கச்சிமடத்தில் ஜெபமாலை டீச்சரின் கையெழுத்தை அறியாத வீடு கிடையாது. கொழும்புக்குப் போன புருஷனுக்குக் கடிதமா, தாசில்தாருக்கு மனுவா, கலியாணப் பத்திரிகைக்கு வாசகமா, எதுவானாலும் அவளிடம்தான் வருவார்கள். எழுதி முடித்ததும் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒரு தரம் வாசிப்பாள். அப்புறம் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு இன்னொரு தரம் வருவாள். எட்டாம் வகுப்பும் இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சியும்தான் அவள் படிப்பு. ஆனாலும் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அவள் எழுதிய வருகைப் பதிவேட்டை வேறு பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார் என்பது ஊரறிந்த சங்கதி.

அந்த ஜெபமாலை 1956ஆம் வருஷம் மே மாதம், கோடை விடுமுறை விட்ட மூன்றாம் நாள், ஒரு துணிப்பையும் கருவாட்டுப் பொட்டலமுமாகத் தன்னந்தனியே தூத்துக்குடிக்குக் கிளம்பினாள். முப்பத்து மூன்று வயது வரைக்கும் ராமநாதபுரத்தைத் தாண்டி அவள் துணையில்லாமல் போனதில்லை. அம்மா வியாகுலம் வாசல் வரை வந்து, "தம்பி என்னைய வஞ்சாலும் பரவாயில்லன்னு சொல்லு. வேளாவேளைக்குச் சாப்புடச் சொல்லு" என்றாள். ஜெபமாலை "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அம்மாவைத் தம்பி ஏன் வைய வேண்டும் என்பதற்கு ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

தம்பி சவேரியார் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கிட்டங்கியில் மூட்டைக்குச் சீட்டெழுதிக் கொண்டிருந்தான். துறைமுக ஆபீசில் எழுத்தர் வேலை காலியாகி அதற்கு மனுப் போட்டான். பரீட்சை எழுதி, மூன்றாவது ஆளாகத் தேறியும் விட்டான். ஆனால் சர்டிபிகேட்டைப் பார்த்தவர்கள், 'வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது' என்று மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான். எழுத்து வாசனை இல்லாத அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியது ஜெபமாலைதான்.

"சின்ன வயசில் என்னோடு கோயிலில் புதுநன்மை வாங்கிய பயல்களுக்கெல்லாம் இருபத்து மூணு வயசு நடக்கிறது. எனக்கு மட்டும் எப்படி இருபத்தைந்து முடிந்தது? அம்மா எந்த நாளைச் சொல்லி என்னைப் பள்ளியில் சேர்த்தாளோ தெரியவில்லை. பெற்ற பிள்ளை பிறந்த நாள் ஒரு தாய்க்குத் தெரியாமல் போகுமா?"

ஒரு வார்த்தையை விட்டு வாசிக்க அவளுக்குத் தெரியாது. அதையும் விடாமல் வாசித்தாள். அம்மா வலைப் பின்னலை மடியில் போட்டாள்.

"நான்தான் எசகுபிசகாச் சொல்லியிருப்பேன். எனக்கு நாளும் கிழமையும் எங்கன தெரியும்? பாவி, எம்புள்ள பொழப்பக் கெடுத்துட்டேன்."

அன்றிலிருந்து அம்மா மீன் தின்பதை நிறுத்தினாள். மகனுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் வெறுங்கஞ்சிதான் என்று, அவனுக்குப் பெயர் தந்த புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். மீன் பிடித்துப் பிழைத்த வீட்டில், மீன் ஆய்கிற கையால், தினமும் மகளுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, தான் உப்பைக் கரைத்துக் கஞ்சி குடித்தாள். ஜெபமாலை அந்தக் குழம்பைப் பாதியிலேயே ஒதுக்கி வைத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் அம்மா எந்த நாளையும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவள் ஜெபமாலை.

தம்பியைப் பள்ளியில் சேர்த்தது 1938இல். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அய்யா யாக்கோபு இருந்த காலம்; அன்றைக்கு அவர் கடலுக்குப் போயிருந்தார். தலைமை வாத்தியார் நாகநாதன், "கோயில் புத்தகத்துல பொறந்த தேதியப் பாத்து எழுதிக்கிட்டு வா தாயி" என்று அவளை அனுப்பினார். பங்குச் சாமியார் ஒரு வீட்டை மந்திரிக்கப் போகிற அவசரத்தில் ஞானஸ்நானப் புத்தகத்தையே அவள் கையில் கொடுத்து, "நீதான் நல்லா எழுதுவியே, பாத்து எழுதிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லத்தீன் எழுத்தில் இருந்த அந்தப் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தம்பி பெயரையும் அய்யா பெயரையும் அம்மா பெயரையும் கண்டுபிடித்தபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. 1930 டிசம்பர் மூன்று. ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை போட்டிருந்தது. கோயில் புத்தகம்தானே, சிலுவை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். தேதியை எழுதினாள். மூன்று தரம் சரிபார்த்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

சிலுவை போட்டிருந்தால் அந்தப் பிள்ளை இறந்துவிட்டது என்று அர்த்தம். தம்பிக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து ஏழாம் மாதத்தில் போய்விட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் 'மூத்தது' என்பார்கள். அதற்கும் சவேரியார் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. நேர்ந்து பெற்ற பிள்ளை போனால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கும் அதே பெயரை வைப்பது அந்தக் கரையில் வழக்கம். இரண்டாவது சவேரியார் பிறந்தது 1932 நவம்பர் இருபத்தொன்று. அது இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.

அது தெரியாமல் செய்தது. பதினைந்து வயசுப் பிள்ளையை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். அவளை அரித்தது அது இல்லை.

1948 தை மாதம், கரையான் அரித்த பழைய புத்தகத்தைப் புதிதாகப் படியெடுக்கும் வேலையைச் சாமியார் அவளிடம் கொடுத்தார். அப்போதுதான் இரண்டையும் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த மாதம்தான் அவள் வேலை நிரந்தரமாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் அவள் பதிவேட்டை எடுத்துக் கொண்டுபோனதும் அதே மாதம்தான். தன் கையால் முதன்முதலில் சர்க்கார் புத்தகத்துக்கு எழுதிக்கொடுத்தது பிழை என்று எப்படிப் போய்ச் சொல்வது? இரண்டு வருஷம் கூட இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? பேனாவை எடுத்தாள். இரண்டு சவேரியாரையும் அழகாக எழுதினாள். மூத்தவனுக்கு ஓரத்தில் சிலுவையும் போட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாவசங்கீர்த்தனம் பண்ணினாள். பாவங்களை ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டுதான் போவாள். எட்டு வருஷச் சீட்டிலும் இது மட்டும் இல்லை.

தங்கச்சிமடத்தில் ரயில் ஏறிப் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரத்தில் இறங்கினாள். அதே ரயிலில் மதுரை சுற்றியும் தூத்துக்குடி போகலாம். அவள் ரோட்டு வழியைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. நாகநாதன் வாத்தியார் ஓய்வு பெற்றுச் சிக்கலில் சொந்த நிலத்தோடு இருந்தார். பள்ளியில் தேதி தவறிப் பதிவானது என்று அவர் எழுதிக் கொடுத்தால் துறைமுகத்தில் காட்டலாம். தம்பியின் சரியான ஞானஸ்நானச் சீட்டைச் சாமியாரிடம் வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். சாயல்குடி பஸ் சிக்கல் வழியாகத்தான் போகும்.

ராமநாதபுரத்தில் அந்த பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"யாரும்மா அது கருவாடு? மேல போடுங்க, மேல போடுங்க."

"ஏம்ப்பா, வறுத்து வச்சா ஓடி வந்து உக்காருவ. பொட்டலமா வந்தா மேல போடச் சொல்றியா?" என்றது பக்கத்து இடத்திலிருந்து ஒரு குரல். வெள்ளைத் துப்பட்டியும் வெற்றிலைச் சிவப்பு வாயுமாக ஓர் அம்மா. கீழக்கரை. பெயர் குல்சும். மகளின் பிரசவத்துக்குச் சாயல்குடி போகிறாளாம். பஸ் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டுப் பொட்டலத்தைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார்.

"ஒத்தையிலயா போறீக தங்கச்சி?"

"ஆமாக்கா."

"எங்கன வரைக்கும்?"

"தூத்துக்குடி. வழியில சிக்கல்ல ஒரு சோலி."

"அல்லாவே! அம்புட்டுத் தூரம் துணையில்லாமயா?"

ரோடு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கிப் போனது. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் ஆடுகள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. கருவேலமும் பனையுமாகக் கண்ணுக்கெட்டிய வரை ஒரே பழுப்பு. கடல் இல்லாத நிலத்தைப் பார்க்கப் பார்க்க ஜெபமாலைக்கு மூச்சு முட்டியது. பாதி வழியில் பஸ் புகைந்து நின்றது. இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு ஊருணியைத் தேடிப் போனார். ஆட்கள் இறங்கி ஆளுக்கொரு பனைமர நிழலைப் பிடித்தார்கள். பனை நிழல் ஒரு முழம்தான் இருக்கும். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள்.

குல்சும் அவளை உற்றுப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீக தங்கச்சி, கேக்குறேன். பொம்பள ஒத்தையில கெளம்புனா ஒண்ணு கோவிச்சுக்கிட்டுப் போவா. இல்ல, தப்புப் பண்ணிட்டு மாப்புக் கேக்கப் போவா. நீங்க எது?"

"தம்பியப் பாக்கப் போறேன், அம்புட்டுத்தான்."

"அப்ப ரெண்டாவதுதான்" என்று குல்சும் வெற்றிலையை மடித்தாள். "கோவிச்சுக்கிட்டுப் போறவ கருவாடு கொண்டு போக மாட்டா."

ஜெபமாலைக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெபப் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிக்கலில் அவள் இறங்கியபோது குல்சும் ஜன்னல் வழியே, "சீக்கிரம் கேட்டுருங்க! வெயிலு ஏற ஏற மீனு நாறும்!" என்று கத்தினாள். பஸ் மறுபடி சிரித்தது.

நாகநாதன் வாத்தியார் வீட்டுக் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கோழி விரட்டிக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் கண்டதும் குடையையே போட்டுவிட்டார்.

"ஏ இராமலட்சுமி! இங்கன வந்து பாரு, யாரு வந்திருக்கான்னு! நான் சொல்வேன்ல, தங்கச்சிமடத்துல முத்து முத்தா எழுதுற புள்ளன்னு, அவதான்!"

அவர் மனைவி இராமலட்சுமி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவுக தெனம் உங்க பேச்சுத்தான் தாயி. எங்க மகன் எழுத்தப் பாத்தாலே உங்களச் சொல்லித்தான் வைவாக" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் ஜெபமாலைக்கு முள்ளாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். கோயில் புத்தகத்தில் இரண்டு பேர் இருந்ததையும் மூத்தவன் தேதி பதிவாகிவிட்டதையும் சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்ததைச் சொல்லவில்லை. வாத்தியார் தொடையில் தட்டினார்.

"அட, இப்பத்தான் புரியுது! அன்னிக்கு உந்தம்பியக் கையத் தலைக்கு மேல போட்டுக் காதத் தொடச் சொன்னேன். எட்டலையே! விரலு நெத்தியோட நின்னு போச்சு. ஏழரை வயசுப் புள்ளைக்கு எப்பிடி எட்டாமப் போகும்னு நெனச்சேன். அப்புறம் ஒஞ்சீட்டப் பாத்தேன். இம்புட்டு அழகா எழுதுன சீட்டு பொய் சொல்லுமா? புள்ளதான் வளரலை போலன்னு விட்டுட்டேன். புள்ள கைய நம்பாம உங்கையெழுத்த நம்பிட்டேன் பாரு!"

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு அந்தக் காட்சி அப்படியே கண்ணில் வந்தது. எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, எட்டாமல், அழுகிற முகத்தோடு தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் அவனை முறைத்தது.

"எழுதிக் குடுத்துர்றேன். ஆனா கை நடுங்குது தாயி. நான் சொல்லுறேன், நீ எழுது. கையெழுத்து நான் போடுறேன்" என்றவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "மேற்படி மாணவனின் பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டில் தவறாகப் பதிவானதற்குத் தலைமை ஆசிரியராகிய நானே பொறுப்பு. பிழை முழுவதும் என்னுடையது."

பேனா நின்றது. "சார், அது நான் எழுதிக் குடுத்ததுதான..."

"சும்மா எழுது. எனக்கு என்ன இனிமே, பென்ஷன் வாங்குற கெழவன். நீ வேலையில இருக்குறவ. ஒம்பேரு எதுக்கு இதுல?"

எழுதினாள். 'பிழை முழுவதும் என்னுடையது' என்பதைத் தன் கையாலேயே எழுதி, அவர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையெழுத்தில் அந்த வரி மிக அழகாக இருந்தது.

இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் கடலாடி தாண்டிச் சாயல்குடி போனாள். அங்கே ஒரு பஸ் மாறி, அது வேம்பாரோடு நின்றுவிட, இன்னொன்று மாறினாள். எங்கு பார்த்தாலும் பனங்காடு. பதனீர் காய்ச்சுகிற புகை வாசனை ஜன்னலில் வந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் யாராவது ஒருவர் "துணைக்கு யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். வழியெல்லாம் தம்பியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். சீட்டெழுதுவது போல முதல் வரி, இரண்டாம் வரி என்று அடுக்கி வைத்துக்கொண்டாள். உப்பளத்தின் வெள்ளை மேடுகள் தெரிந்தபோது எல்லா வரியும் மறந்துபோயின.

கிட்டங்கி வாசலில் அவளைப் பார்த்ததும் சவேரியார் பயந்துவிட்டான்.

"என்னக்கா! அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லடா. நல்லாத்தான் இருக்கா."

"யாரு கூட வந்த?"

"தனியாத்தான்."

"நீயா? பாம்பன் சந்தைக்கே கூட ஆளு கேப்ப!" அவன் சிரித்தான். உப்புத் தூசி அவன் புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நிஜமாகவே வயதானவன் போல இருந்தான்.

அவன் தெரிந்த ஒரு குடும்பத்தில் அவளைத் தங்க வைத்தான். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து சீட்டையும் வாத்தியார் கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தாள். வாசித்துவிட்டு அவன் துள்ளினான்.

"அப்ப எனக்கு இருபத்து மூணுதானா? அந்தக் கெழட்டு வாத்தியாரு பண்ணுன கூத்தா இது? நான் பாட்டுக்கு அம்மாவ வஞ்சு எழுதிட்டேனே! அவரு மட்டும் என் கையில கெடச்சாரு..."

"அவர வையாத. அவரு பண்ணல. நான்தான் பண்ணுனேன்."

சிலுவையைப் பற்றி, திருப்பாத பக்கத்தைப் பற்றி, எட்டாத காதைப் பற்றி எல்லாம் சொன்னாள். 1938 வரைக்கும் சொன்னாள். சவேரியார் மணலைக் கிளறினான்.

"அதுக்காகவா இம்புட்டு தூரம் வெயில்ல வந்த? போக்கா. நீ அப்ப சின்னப் புள்ள. லத்தீன வாசிச்சதே பெருசு."

அவன் மன்னித்துவிட்டான். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! அவள் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அடியில் இன்னொரு மூட்டை இருக்கிறது என்பதை அவள் அப்போதைக்கு எண்ணிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் துறைமுக ஆபீசில் தலைமை எழுத்தர் சீட்டையும் கடிதத்தையும் பொறுமையாகப் பார்த்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கடிதத்தைப் பார்த்து, "யாரு எழுதுனது? பிரமாதமான கையெழுத்து" என்று கூடச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நீங்க சொல்றது உண்மைதான்னு எனக்குத் தெரியுது. ஆனா எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல ஏறுன தேதிய நாங்க மாத்த முடியாது. யாராலயும் முடியாது. புத்தகத்துல எழுதிக் கையெழுத்து வாங்குறதுக்கு முந்தி ஒரு மனுக் குடுத்திருந்தா, ஒரே நாள்ல மாத்தியிருப்பாங்க. அது எந்த வருஷம்?"

"நாப்பத்தெட்டு ஜூன் மாசம் சார்" என்றான் சவேரியார்.

"எட்டு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க" என்று தாள்களை மடித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிற தோணிகள் வரிசையாக நின்றன. சவேரியார் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"விதிய பாத்தியாக்கா! நாப்பத்தெட்டுல யாருக்காவது தெரிஞ்சிருந்தா போதும். ஒரே நாளு வேலையாம். யாருக்குத் தெரியும் அப்ப? பாவம், உனக்கே இந்தச் சீட்டு வாங்கப் போயித்தான தெரிஞ்சிருக்கு?"

அவன் கேட்கக்கூட இல்லை. அவளுக்காக அவனே பதிலையும் சொல்லிவிட்டான். 'ஆமா' என்று தலையை அசைத்தால் போதும். அம்மா சுமந்தது போல, வாத்தியார் சுமந்தது போல, இப்போது விதி சுமந்துகொள்ளும். இத்தனை தூரம் வந்த ரோடு முழுக்க அவளுக்கு நெஞ்சில் ஓடியது.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?"

"நாப்பத்தெட்டு தை மாசமே எனக்குத் தெரியும். புத்தகத்தப் படியெடுக்குறப்ப பாத்தேன். உம்புத்தகத்துல கையெழுத்தாக அஞ்சு மாசம் இருந்துச்சு."

அவன் புரியாதவன் போலப் பார்த்தான்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு... எழுதி முடிச்சுட்டு வந்துட்டேன். எம்பேரு கெட்டுப் போகும்னு."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. அவன் கையில் இருந்த தாள்களைப் பார்த்தான். வாத்தியாரின் கடிதத்தை மட்டும் தனியே எடுத்தான்.

"இது ஒங்கையெழுத்துதான?"

"ஆமா."

"அந்த மனுசன் தலையிலயும் நீயே எழுதி வச்சிருக்க." கடிதத்தை அவள் கையில் வைத்தான். "அம்மா மீன் திங்குறதில்லன்னு சித்தி மகன் எழுதியிருந்தான். என்னத்துக்குன்னு யோசிச்சேன். ஒரு மாசமா நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அவள் கடிதத்தை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் இடம் பிடித்து, அவள் பையை வாங்கி உள்ளே வைத்தான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். பஸ் கிளம்புகிற நேரம் ஜன்னல் பக்கம் வந்தான்.

"அம்மாகிட்ட நீயே சொல்லணும். நான் எழுத மாட்டேன்."

"சொல்றேன்டா."

"போயிட்டு வா" என்று சொல்வான் என்று பார்த்தாள். அவன் திரும்பிக் கிட்டங்கியைப் பார்க்க நடந்துவிட்டான்.

அதே பனங்காடு, அதே கண்மாய். அடுத்த பஸ் வருகிற வரைக்கும் என்று சிக்கலில் இறங்கினாள். வாத்தியார் கழனிக்குப் போயிருந்தார். அவர் கடிதத்தின் அடியில் "இந்தப் பிழை என்னுடையது. சார் பெயரில் எழுதியது பொய். மன்னிக்கவும்" என்று எழுதித் தன் பெயரைப் போட்டு, இராமலட்சுமியிடம் கொடுத்தாள். இராமலட்சுமி, "வேலை கெடச்சுருச்சா தாயி?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் வருவாள் என்று வாங்கியது. ஜெபமாலை முகம்கூடக் கழுவாமல் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை நாற்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தாள். அப்புறம்தான் முப்பத்தெட்டுக்குப் போனாள்.

அம்மாவின் கை நின்றது.

"அப்ப அவன் படிப்புப் புத்தகத்துல இருக்குறது மூத்தவன் பொறந்த நாளா?"

"ஆமாம்மா."

"ஒண்ணாப்புலருந்து கடைசிப் பரீட்சை வரைக்கும்?"

"ஆமா."

அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். "ஏழு மாசம் இருந்தான். பல்லுகூட மொளைக்கல. கோயில் புத்தகத்துல சிலுவையப் போட்டு முடிச்சுட்டாக. அவன் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போயிப் படிச்சுப் பாஸாகியிருக்கான், எனக்குத் தெரியாம" என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. சிரித்தது போலவும் இருந்தது. மகள் வாழ்நாளில் கேட்ட எந்த வசவும் அந்த அளவுக்கு வலித்ததில்லை.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தாளும் பேனாவும் எடு. தம்பிக்கு எழுதணும்."

ஜெபமாலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழுது. சவேரி, உன் வயசத் தப்பாக் குடுத்தது நானில்ல. உன் அக்காதான். எட்டு வருஷமா மறச்சு வச்சிருந்தா. நான் பட்டினி கெடக்கும்போதும் பாத்துக்கிட்டு இருந்தா. இப்ப வந்து சொல்லிட்டா. எழுதுனியா?"

"எழுதுறேன்."

"நீ உடம்பப் பாத்துக்க. வேலை இன்னொண்ணு வரும். நான் இன்னிக்கு மீன் திங்கப் போறேன், நேர்ச்சைய முறிச்சதச் சவேரியாரு சாமி மன்னிப்பாரு. உன் அக்காவ நான் இன்னும் மன்னிக்கல. நீயும் அவசரப்பட வேணாம். அவ நம்ம வீட்டுப் புள்ளதான், எங்கயும் போயிற மாட்டா. அம்புட்டுத்தான். எங்கன, வாசி."

ஜெபமாலை விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து வாசித்தாள். ஒரு வார்த்தையும் விடவில்லை. கடைசி வரிக்கு வந்ததும், வழக்கம்போல, கீழிருந்து மேலே இன்னொரு தரம் சரிபார்த்தாள்.